இருபத்தேழாம் நம்பர் கவுன்

உயிரோடு இருக்கும் ஒரு பெண்ணுக்கு அவளுடைய நினைவுநாள் சாப்பாட்டை நான் இருபத்தொரு வருடம் பரிமாறியிருக்கிறேன். முதல் சில வருடங்கள் சந்தேகத்தோடு. கடைசிப் பதினாலு வருடம் நன்றாகத் தெரிந்தே. என் பெயர் ஜோசஃபின். என்னை நல்லவள் என்று சொல்கிறவர்கள் இன்னும் சிலர் இருக்கிறார்கள். அவர்களுக்கு இந்தக் கதை தெரியாது.

நான் வேலை பார்த்தது பொம்மனஹள்ளியில், மூளை வளர்ச்சி குறைந்த பெண்களுக்கான ஓர் இல்லத்தில். 1978 ஜூன் மாதம், கணவர் செத்து ஆறு மாதத்தில், ஆயாவாகச் சேர்ந்தேன். அப்போது சுற்றிலும் ராகி வயல். கார்மெண்ட்ஸ் கம்பெனிகள் எல்லாம் பின்னால் வந்தவை. நாற்பது பெண்கள், மூன்று ஆயாக்கள், ஒரு மேட்ரன். பேன் தொல்லை என்று எல்லோருக்கும் மொட்டை. எல்லோருக்கும் ஒரே சாம்பல் நிறக் கவுன், கழுத்துக்குப் பின்னால் அழியாத மையில் நம்பர். பெயர் ஃபைலில் தூங்கும். நாங்கள் கூப்பிடுவது நம்பரைச் சொல்லித்தான்.

அந்த நாற்பதில் ஆறு பேருக்குச் சின்னக் கண், தட்டை மூக்கு, குட்டை விரல். டவுன் சிண்ட்ரோம் என்று இப்போது பெயர் சொல்கிறார்கள். அப்போது எங்கள் வாயில் இருந்தது ஒரே பேச்சு: "இதுங்க எல்லாம் ஒரே ஜாடை." நானும் சொன்னேன். ஒருத்திக்குப் புருவம் சேர்ந்திருக்கும், இன்னொருத்திக்குக் காது மடிந்திருக்கும், பார்த்தால் தெரியும். பார்க்க நேரமில்லை என்று ரொம்ப நாள் சொல்லிக்கொண்டிருந்தேன். நேரம் இருந்தது, பார்க்கத் தோன்றவில்லை.

அந்த வருடம் ஆடி மாதம் இல்லத்தில் வயிற்றுப்போக்கு பரவியது. பத்து நாளில் பதினெட்டுப் பேர் படுத்தார்கள். மற்ற இரண்டு ஆயாக்களில் ஒருத்தி தானும் படுத்து ஊருக்குப் போனாள், திரும்பவில்லை. இன்னொருத்திக்குக் கண்ணில் புரை. வேலைக்கு வந்து இரண்டு மாதம்கூட ஆகாத நான்தான் வராந்தா முழுக்க அலைந்தேன். பக்கத்துப் பக்கத்துப் பாயில் இரண்டு பெண்கள், இருவருக்கும் பதினாலு வயது இருக்கும், இருவரும் மொட்டை, இருவரும் அந்த ஜாடை. இருபத்தேழும் முப்பத்தொன்றும். இருவர் கவுனும் நாசமாகியிருந்தது. உருவிப் போட்டேன், உடம்பைத் துடைத்தேன், கொடியில் காய்ந்ததை எடுத்து மாட்டிவிட்டேன். எந்த நம்பரை யாருக்கு மாட்டினேன் என்று பார்க்கவில்லை. அரை மணியில் வேன் வந்தது. மோசமாக இருந்தவளைத் தூக்கிப் போனார்கள். சாயந்திரம் ஆஸ்பத்திரியிலிருந்து ஆள் வந்து சொன்னான்: "இருபத்தேழு போயிட்டா."

இருபத்தேழின் ஃபைலில் இருந்த பெயர் தெய்வானை. அப்பா நாராயணசாமி, நீலசந்திரா. இல்லத்துக்கு வந்தே மூன்று மாதம்தான். தொற்றுநோய் என்று ஆஸ்பத்திரிக்காரர்களே அடக்கம் செய்துவிட்டார்கள். மறுநாள் வந்த அப்பாவிடம் மேட்ரன் ஒரு துவைத்த கவுனை மடித்துக் கொடுத்தார். இருபத்தேழாம் நம்பர் போட்ட இன்னொரு கவுன். அந்த மனிதர் அதை நெஞ்சோடு வைத்துக்கொண்டு போனதை ஜன்னல் வழியாகப் பார்த்தேன்.

நாலாம் நாள், பாயில் கிடந்தவள் எழுந்து உட்கார்ந்தாள். கவுனில் முப்பத்தொன்று. ஃபைலில் பெயர் சரளா, அப்பா கிருஷ்ணப்பா, ஆனேக்கல் பக்கம் ஏதோ ஊர், வீட்டில் பேசுவது கன்னடம். போட்ட கடிதமெல்லாம் திரும்பி வந்த கேஸ். நான் கஞ்சியை வாயருகே கொண்டுபோனேன்.

"பாப்பாக்கு வேணா" என்றாள். நல்ல தமிழில்.

கிண்ணத்தைக் கீழே வைத்தேன். நேராக மேட்ரனிடம் போய்ச் சொன்னேன். அவர் கணக்கு நோட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

"கவுன்ல இன்னா நம்பர்?"

"முப்பத்தொண்ணும்மா. ஆனா கவுனு மாட்டினது நானு. அவசரத்துல..."

"இங்க இருந்து இருந்து தமிழ் கத்துக்கினு இருக்கும். அந்தாளு வந்து அழுதுட்டுப் போயாச்சு. இப்பப் போயி எதைக் கிளறப் போறே? எல்லாம் ஒரே ஜாடை. சும்னிரு."

நான் சும்மா இருந்தேன். வேலை வேண்டியிருந்தது, தங்க ஓர் அறை வேண்டியிருந்தது. சந்தேகம்தானே, சந்தேகத்துக்கு யார் தண்டனை தரப்போகிறார்கள் என்று நினைத்தேன்.

எண்பதுகளில் கமிட்டி மாறியது. மொட்டை நின்றது, நம்பர் நின்றது, இனிமேல் பெயர் சொல்லித்தான் கூப்பிட வேண்டும் என்றார்கள். "சரளா" என்றால் அவள் திரும்பவே மாட்டாள். கன்னத்தைத் தட்டினோம், தோளைப் பிடித்துத் திருப்பினோம், சில நாள் அடித்தும் பழக்கினோம். அப்படித்தான் அவளைச் சரளாவாக்கினோம். அதில் என் கையும் உண்டு. படுக்கும்போது அவள் பக்கத்தில் ஒரு பாய் அளவுக்கு இடம் விட்டுப் படுப்பாள். அந்த இடத்தைத் தடவிக்கொண்டே சொல்வாள்:

"சரளா செத்துப்போச்சு."

தன்னைத்தானே செத்துவிட்டதாகச் சொல்கிறது, கிறுக்கு, என்றார்கள் மற்றவர்கள். "அபசகுனமாப் பேசாதே" என்று நான் எத்தனை முறை அவள் வாயில் போட்டிருக்கிறேன். ஃபாத்திமா என்று ஒரு பழைய பெண், அவளும் அங்கே வளர்ந்தவள்தான், கடைசிவரை இவளை "சத்தாயீஸ்" என்றே கூப்பிட்டாள். உருதுவில் இருபத்தேழு. ஃபாத்திமாவுக்கு எண்ணத் தெரியாது என்று எல்லோரும் சிரித்தோம். நானும் கூடச் சிரித்தேன்.

எனக்குப் பேய் பிசாசில் நம்பிக்கை கிடையாது. ஆனால் சாப்பாட்டு ஹாலில் "சரளா" என்று நான் குரல் கொடுக்கும்போதெல்லாம், எதிரில் இவள் திரும்புவாள், என் முதுகுக்குப் பின்னாலும் ஒருத்தி திரும்புவாள். பின்னால் சுவர்தான். இருந்தாலும் அந்தச் சுவருக்கு முதுகைக் காட்டி நிற்பதை விட்டுவிட்டேன்.

இவளுக்கு இன்னொரு பழக்கம். நடக்கும்போது யார் கையையாவது பிடித்துக்கொள்வாள். சும்மா பிடிக்க மாட்டாள். அவர்களுடைய மோதிர விரலையும் சுண்டுவிரலையும் உள்ளே மடக்கிவிட்டு, ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் மட்டும் பிடிப்பாள். விரலை நீட்டினால் மறுபடி மடக்குவாள். என்ன பழக்கமோ என்று விட்டுவிட்டோம்.

தெய்வானையின் வீட்டிலிருந்து வருடா வருடம், ஆடி இருபதாம் தேதி, இல்லம் முழுவதற்கும் சாப்பாடு வரும். எங்கள் இல்லத்தில் பலர் இப்படி நினைவுநாளுக்குப் போடுவார்கள், ஆனால் பெரும்பாலும் ஓட்டல் பார்சல். இது அந்தப் பெண்ணின் அம்மாவே ஆக்கியது. சோறு, பருப்பு உருண்டைக் குழம்பு, வெல்லப் பொங்கல். நாராயணசாமி ஆட்டோவில் கொண்டுவந்து கேட்டில் வாட்ச்மேனிடம் இறக்கிவிட்டு அப்படியே போய்விடுவார். உள்ளே வந்ததே இல்லை.

1985-ல் வாட்ச்மேன் லீவு. அண்டாவைப் பிடிக்க நான் போனேன்.

"உள்ள வாங்கய்யா, உங்க கையால ஒரு வாய் போடுங்க" என்றேன். அது வாடிக்கையாகச் சொல்வது.

"வேணாம்மா. அதே மூஞ்சி இன்னும் அஞ்சாறு பேருக்கு இருக்குதே, என்னால பாக்க முடியாது. அவங்கம்மா கேட் பக்கங்கூட வர மாட்டேன்றா" என்றார். சொல்லிக்கொண்டே அண்டாவின் அந்தப் பக்கக் காதைப் பிடித்தார். வலது கையில் மோதிர விரலும் சுண்டுவிரலும் இல்லை.

நான் பார்ப்பதை அவர் பார்த்துவிட்டார். "இதுவா? அடுகோடி ஒர்க்‌ஷாப்புல, லேத்துல போச்சு. பாப்பா பொறக்கறதுக்கு முன்னாடி. அதுக்கு இன்னான்னா, எல்லாருக்கும் கை இப்படித்தான்னு நெனப்பு. யார் கையப் புடிச்சாலும் ரெண்டு வெரல மடக்கி, அப்பா கை மாதிரி ஆக்கிக்கினுதான் புடிக்கும்."

சிரித்தார். எனக்கு அண்டாவின் சூடு கையில் உறைக்கவே இல்லை.

உள்ளே கொண்டுபோய்ப் பரிமாறினேன். அவள் முதல் உருண்டையை இரண்டு விரலால் உடைத்தாள். நடுவில் ஒரு தேங்காய்ப் பல் இருந்தது. அந்த அம்மா ஒவ்வொரு உருண்டைக்குள்ளும் ஒன்று வைத்துப் பிடிப்பாள் போலிருக்கிறது. மற்றவர்கள் அதைத் தெரியாமல் மென்று தின்றார்கள். இவள் மட்டும் எடுத்துக் கன்னத்தில் அடக்கிக்கொண்டு, சோறெல்லாம் முடிந்த பிறகு கடித்தாள். "அம்மா" என்றாள். யாரிடமும் சொல்லவில்லை, தட்டைப் பார்த்துச் சொன்னாள்.

அன்றைக்கு எனக்குத் தெரிந்துவிட்டது. அந்த மனிதர் ஆட்டோவில் மடிவாளாவைக்கூடத் தாண்டியிருக்க மாட்டார். ஓடியிருந்தால் பிடித்திருக்கலாம். நான் ஓடவில்லை. ஏழு வருடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்பார்களே என்று பயம். அடுத்த வருடம் அது எட்டு ஆனது, அதற்கடுத்த வருடம் ஒன்பது. மேட்ரன் செத்துப்போனார், பழைய ஆட்கள் போனார்கள், கடைசியில் தெரிந்தவள் நான் ஒருத்திதான். சாப்பாடு அவளுக்குத்தானே போய்ச் சேர்கிறது என்று என்னை நானே தேற்றிக்கொண்டேன். ஆடி இருபது அன்று அவள் தட்டில் ஓர் உருண்டை கூடுதலாகப் போடுவேன். என் நியாயம் மொத்தமும் அந்த ஓர் உருண்டைதான்.

1999-ல் டீனா வந்தாள். இருபத்தைந்து வயது, காக்ஸ் டவுன் பக்கம் வீடு, சமூகப்பணி படித்தவள். ஒவ்வொரு பெண்ணுக்கும் ஒரு வாழ்க்கைக் கதைப் புத்தகம் செய்ய வேண்டும் என்றாள். ஃபைலில் நோய் இருக்கிறது, எடை இருக்கிறது, ஆள் எங்கே இருக்கிறாள் என்று கேட்டாள். ஒரு பெட்டி நிறையப் பழைய சாமான் கொண்டுவந்தாள்: அலுமினியக் கிண்ணம், சிவப்பு ரிப்பன், சீயக்காய்ப் பொடி, கிலுகிலுப்பை, மண்ணெண்ணெய் விளக்கு. ஒவ்வொன்றாகக் கையில் கொடுப்பாள், முகர்ந்து பார்க்கச் சொல்வாள், காத்திருப்பாள். அவளுடைய சட்டம் ஒன்றே ஒன்று. அவர்கள் சொல்வதை அப்படியே எழுத வேண்டும், திருத்தக் கூடாது.

"படம் பாக்கற மாதிரி உக்காந்துக்கினு இருக்கே, இதுங்களுக்கு இன்னா ஞாபகம் இருக்கப்போவுது" என்று நான் சிடுசிடுத்தேன்.

"ஆன்ட்டி, நீங்களும் உக்காருங்க. அந்தக் காலத்து ஆள் நீங்க ஒருத்தர்தான். அவங்களுக்கு வராத ஞாபகத்துக்கு நீங்கதான் ஹெல்ப்" என்றாள்.

ஜூலையில் சரளாவின் முறை வந்தது. அவளுக்கு அப்போது முப்பத்தைந்து வயது. டீனா முதல் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டாள்.

"உங்க பேர் சொல்லுங்க."

"பாப்பா."

"பாப்பா. சரி. சரளான்னா யாரு?"

"சரளா செத்துப்போச்சு."

டீனா அதை எழுதினாள். நான் பாய்ந்து பேனாவைப் பிடித்தேன். "அத்த எழுதாதே! இருபது வருசமா அப்படித்தான் ஒளறும்."

"அவங்க சொன்னதுதானே ஆன்ட்டி" என்று சொல்லிவிட்டு, டீனா அவளைப் பார்த்துக் கேட்டாள்: "எப்படிச் செத்துச்சு?"

இருபத்தொரு வருடத்தில் அந்தக் கேள்வியை யாரும் கேட்டதில்லை. அவள் டீனாவின் கையை எடுத்து, இரண்டு விரலை மடக்கி, மிச்சத்தைப் பிடித்துக்கொண்டாள். நிறுத்தி நிறுத்திச் சொன்னாள்.

"பக்கத்துல. சரளா வாந்தி. பாப்பா வாந்தி. வேன் வந்துச்சு. சரளா பாப்பா கவுன் போட்டுச்சு. போயிடுச்சு."

நான் எழுந்து குளியலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு நின்றேன். இந்தப் பெண் இத்தனை வருடமும் பொய்யே சொல்லவில்லை. உண்மையைச் சொன்னவளை நான் அடித்திருக்கிறேன். தண்ணீர் வாளி நிரம்பி வழிந்து காலை நனைத்தது.

டீனா வந்து கதவருகே நின்றாள். "ஆன்ட்டி, அது என்ன கவுன்? நீங்க அப்ப டூட்டில இருந்தீங்களா?"

"எனக்கு ஞாபகம் இல்ல" என்றேன்.

அடுத்த வாரம் அவளைப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனோம். கொஞ்ச நாளாகவே செருப்பை மாற்றி மாட்டிக்கொண்டாள், பாத்ரூமுக்குப் போகிற வழியில் நின்றுவிட்டாள். இந்த மாதிரிப் பிள்ளைகளுக்கு மறதி நோய் நாற்பதுக்கு முன்பே வரலாம், வந்துவிட்டது, புதிய ஞாபகம் முதலில் போகும், பழையது பின்னால் போகும் என்றார் டாக்டர். டீனா அழுதாள். எனக்குள் முதலில் எழுந்தது என்ன என்று சொல்லிவிடுகிறேன், இதையும் மறைத்தால் எழுதுவதே வீண். அப்பாடா என்று இருந்தது. இவளும் மறந்துவிட்டால் பிறகு யாருக்கும் தெரியாது. அப்படி நினைத்தேன்.

ஆடி இருபது வந்தது. நாராயணசாமி ஆட்டோவிலிருந்து மெதுவாக இறங்கினார். அண்டா சின்னதாக இருந்தது.

"இதான் கடைசிம்மா" என்றார். "அவளுக்கு ரெண்டு மாசமாப் படுக்கை. டாக்டருங்க கை விரிச்சாச்சு. மருமகள்தான் ஆக்கறேன்னா, இவ உட மாட்டேன்னுட்டா. எழுந்து சொவத்துல சாஞ்சிக்கினு தன் கையாலயே உருண்டை புடிச்சா."

வாயைத் திறந்தேன். "ஐயா" என்றேன். அவர் திரும்பிப் பார்த்தார். "பாத்துப் போங்க" என்றேன்.

ஹாலில் பரிமாறினேன். அவள் உருண்டையை உடைத்து, தேங்காய்ப் பல்லைக் கன்னத்தில் அடக்கினாள். காலையில் ஃபாத்திமாவின் பெயரை மறந்தவள், அதை மறக்கவில்லை. "அம்மா" என்றாள். இந்த முறை டீனா கேட்டுவிட்டாள், புத்தகத்தில் எழுதிக்கொண்டாள்: இந்தக் குழம்பு சாப்பிட்டதும் அம்மா என்றார்.

போய்ச் சொல்லிவிட வேண்டும் என்று அன்றே முடிவு செய்தேன். முடிவு செய்தேனே தவிர, கால் எழும்பவில்லை. ஞாயிறு பூசை முடியட்டும் என்றேன். பிறகு மாதா திருவிழாவுக்கு நோட்டீஸ் மடிக்கிற வேலை இருக்கிறது என்றேன். ஒன்பது நாள் இப்படிப் போனது. பத்தாம் நாள் காலையில் அவள் என் அறை வாசலில் நின்று, நான் யார் என்று தெரியாமல் பார்த்தாள். பிறகு என் கையை எடுத்து இரண்டு விரலை மடக்கினாள். நான் சேலையை மாற்றிக்கொண்டு பஸ் ஏறினேன்.

நீலசந்திராவில் அந்தத் தெருவுக்குள் திரும்பியதுமே, ஒரு வீட்டு வாசலில் வாடகை நாற்காலிகள் போட்டிருந்ததைப் பார்த்தேன். நாற்காலிகள் பாதி காலி. நேற்றைக்கு முந்தின நாள்தான் அந்த அம்மாவை எடுத்துவிட்டார்களாம். உள்ளே ஒரு மூலையில் விளக்கு எரிந்தது. சுவரில் ஒரு சிறுமியின் போட்டோ, பழைய சந்தன மாலையோடு. அதன் கீழே ஆணியில் ஒரு சாம்பல் நிறக் கவுன். இருபத்தொரு வருடத்தில் மை கொஞ்சமும் வெளுக்கவில்லை.

நாராயணசாமி என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றார். துக்கம் கேட்க வந்திருக்கிறேன் என்று நினைத்துவிட்டார். "ஹோம்லேர்ந்து வந்திருக்காங்கப்பா" என்று மகன் முனிகிருஷ்ணனிடம் பெருமையாகச் சொன்னார். எனக்கு நாற்காலி போட்டார், தண்ணீர் கொடுக்கச் சொன்னார். பிறகு போட்டோவைக் காட்டினார்.

"கஷ்டப்படாமப் போயிட்டாம்மா. இருபத்தோரு வருசம் பாப்பா பாப்பான்னு பொலம்பினா. இப்ப பாப்பாகிட்டயே போய்ச் சேர்ந்துட்டா."

நான் டம்ளரைக் கீழே வைத்தேன்.

"பாப்பா அங்க இல்லீங்கய்யா" என்றேன். "எங்ககிட்டதான் இருக்குது."

அவருக்குப் புரியவில்லை. நான் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். பாய், கவுன், வேன், மேட்ரன், அந்த விரல், தேங்காய்ப் பல். முனிகிருஷ்ணன் கையை ஓங்கிக்கொண்டு வந்தான். மருமகள் மமதா குறுக்கே நின்றாள். நாராயணசாமி அசையவில்லை. அதுவரை என்னிடம் மரியாதையாகப் பேசியவர், மெதுவாகக் கேட்டார்:

"உனக்கு எப்பத் தெரியும்?"

"நிச்சயமா... பதினாலு வருசமா."

"போன மாசம் சொல்லியிருக்கலாமே" என்றார். "போன வாரம் சொல்லியிருக்கலாமே. கண்ணைத் தெறந்துக்கினுதான இருந்தா."

அவர் திட்டியிருக்கலாம், அவர் மகன் அடித்திருக்கலாம். அந்த இரண்டு வார்த்தைக்கு முன்னால் அதெல்லாம் ஒன்றுமே இல்லை.

மறுநாள் அப்பாவும் மகனும் இல்லத்துக்கு வந்தார்கள். இருபத்தொரு வருடத்தில் முதல் முறையாக அவர் கேட்டைத் தாண்டி உள்ளே வந்தார். டீனா அவளைக் கூட்டிவந்து நிறுத்தினாள். அவர் அவள் முகத்தைப் பார்த்தார், அவளும் பார்த்தாள், ஆனால் அடையாளம் தெரிந்த மாதிரி இல்லை. பிறகு வழக்கம்போல அவர் வலது கையை எடுத்தாள். மடக்குவதற்கு விரலைத் தேடினாள். தேடிய இடத்தில் விரல் இல்லை. கையைத் திருப்பிப் பார்த்தாள், மொட்டை விரல்களைத் தடவினாள், பிறகு மிச்ச இரண்டு விரலைப் பிடித்துக்கொண்டு அவர் தோளில் சாய்ந்தாள்.

"அப்பா வர லேட்டு" என்றாள்.

அந்தப் பெரிய மனுஷர் ஹாலில் எல்லோர் முன்னாலும் வாய்விட்டு அழுதார். எனக்கு அழ உரிமை இல்லை என்று தோன்றியது. சமையல்கட்டுக்குப் போய் நின்றேன். கமிட்டி விசாரணை வைப்பதற்கு முன்பே வேலையை எழுதிக் கொடுத்துவிட்டேன்.

அவளை வீட்டுக்கு அழைத்துப்போன அன்று டீனாவும் கூடப் போனாள். அவள்தான் எனக்குச் சொன்னாள். வாசலில் செருப்பைக் கழற்றியவள் யாரையும் பார்க்காமல் நேரே அடுப்படிக்குப் போய், நிலைப்படியில் நின்றாளாம். அங்கே மமதா இருந்தாள். அவளைத் தாண்டி எட்டிப் பார்த்தாளாம், புழக்கடைக் கதவைத் திறந்து பார்த்தாளாம். திரும்பி வந்து, "அம்மா?" என்று கேட்டாளாம்.

டீனா அவளுடைய புத்தகத்தில் தெய்வானை என்று எழுதி முடித்துக் கொடுத்துவிட்டாள். பிறகு இன்னொரு புத்தகமும் செய்தாள், செத்துப்போன சரளாவுக்கு. அந்தப் பெண்ணை நினைவில் வைத்திருந்தவர்கள் உலகத்திலேயே இரண்டு பேர்தான், பாப்பாவும் ஃபாத்திமாவும். அந்தப் புத்தகத்தில் மொத்தம் நாலு வரி. சரளா பாட்டுப் பாடும். சரளா குளிருக்குப் பாப்பாவைக் கட்டிக்கும். சரளா வெல்லம் குடுத்துச்சு. சரளா செத்துப்போச்சு.

அந்த வருடக் கிறிஸ்துமஸ் கழிந்து ஒரு நாள் நாராயணசாமி நான் குடியிருந்த அடுகோடி அறையைத் தேடி வந்தார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. கையில் அந்த அண்டா.

"எம் பொண்டாட்டி இருபத்தோரு வருசம் ஆக்கிப் போட்டது அந்தச் சரளாப் பொண்ணுக்குத்தான்" என்றார். "எங்களுதுன்னு நெனச்சுப் போட்டோம். போட்டது போட்டதுதான். அதுக்குன்னு யாரும் இல்ல. இப்ப நிறுத்துனா நல்லாயிருக்காது. ஆடி இருபது நீ ஆக்கு. அவ ஆக்கின மாதிரியே ஆக்கணும். உருண்டைக்குள்ள தேங்கா வைக்கணும்."

அண்டாவை வாசலில் வைத்துவிட்டுப் போய்விட்டார். மன்னித்தேன் என்று சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

நாலு வருடமாக ஆக்குகிறேன். துவரம்பருப்பும் கடலைப்பருப்பும் ஊறவைத்து, சோம்பு தட்டிப் போட்டு, ஒவ்வொரு உருண்டைக்குள்ளும் ஒரு தேங்காய்ப் பல் வைத்துப் பிடிக்கிறேன். மமதாவிடம் கேட்டு மாமியாரின் கைப்பக்குவம் மொத்தமும் எழுதி வைத்திருக்கிறேன், ஒரு கல் உப்புகூடப் பிசகாது. இல்லத்து ஹாலில் இலை போடுகிறோம். சுவர் ஓரமாக ஓர் இலை காலியாக, அது சரளாவுக்கு. அப்பா பாப்பாவைக் கூட்டி வருகிறார்.

அவளுக்கு இப்போது முக்கால்வாசி போய்விட்டது. அண்ணன் பெயர் தெரியாது, வீடு தெரியாது, கரண்டி எதற்கென்று தெரியாது. போன ஆடியில் அப்பாவின் கையைக்கூட விட்டுவிட்டாள். நான் சோறு போட்டு, குழம்பு ஊற்றி, ஓர் உருண்டை கூடுதலாக வைத்தேன். மெதுவாக உடைத்தாள். தேங்காய்ப் பல்லை எடுத்தாள். கன்னத்தில் அடக்கிக்கொண்டாள்.

கொஞ்ச நேரம் வாய்க்குள் புரட்டினாள். பிறகு அதை எடுத்து இலையின் ஓரத்தில் வைத்தாள். நிமிர்ந்து என்னைப் பார்த்தாள்.

"அம்மா செய்யல" என்றாள்.